குதிரைக்குப் பயந்து வாங்கிய செடி

எங்கப்பா திருமூர்த்தி, ஆடி முதல் தேதி காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு சபதம் எடுத்தார்.

"இந்த ஆடிக்கு அந்தியூர் போக மாட்டேன். எவன் வந்து கூப்பிட்டாலும் போக மாட்டேன்."

சபதத்துக்குச் சாட்சி மூன்று பேர். கண்ணாடி, பல் தேய்க்கிற பிரஷ், கதவுக்கு வெளியே துண்டோடு நின்ற நான். அம்மா அந்த நேரம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சபதம் எடுப்பதெல்லாம் அம்மா மாடியில் இருக்கும்போதுதான். கீழே இருக்கும்போது எடுத்தால் அதற்குப் பெயர் விண்ணப்பம்.

அந்தியூர், அம்மா பிறந்த ஊர். ஆடியில் அங்கே கோயில் திருவிழா, எங்கள் பேச்சில் நோம்பி, கூடவே மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தை. அம்மாவின் அண்ணன் கதிர்வேல் மாமா, கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆன அப்பாவை இன்னும் புது மாப்பிள்ளை மாதிரியே அழைப்பார். யார் குரலையும் எடுத்துப் பேசுவது என் வித்தை. மாமா குரல் வேண்டுமென்றால் தொண்டைக்குள் ஒரு டிராக்டரை ஸ்டார்ட் பண்ணிக்கொள்ளுங்கள்.

"மாப்ள, வந்துபோடுங்க மாப்ள. ஆட்டுக்கால் சூப்பு ரெடியா இருக்குது. குதிரையும் ரெடியா இருக்குது."

சூப்பில் குற்றம் இல்லை. குற்றம் குதிரையில். மாமா ஒரு வெள்ளைக் குதிரை வளர்க்கிறார். போன வருடம் ஊர்ச்சனம் பார்க்க அப்பாவை அதன்மேல் ஏற்றினார். அப்பா இடது பக்கமாக ஏறினார். வலது பக்கமாக இறங்கினார். நடுவில் உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை. குதிரைக்கே தெரியாது. அவர் இறங்கிய இடத்தில் இன்னொரு குதிரை முன்கூட்டியே வந்து போயிருந்தது. வேட்டியோ புது வேட்டி. அந்தப் பன்னிரண்டு விநாடி வீடியோ எங்கள் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் நோம்பி தவறாமல் வரும். யாருக்காவது பிறந்தநாள் என்றாலும் வரும். பிறந்தநாள் வாழ்த்தை அதற்குக் கீழே எழுதுவார்கள்.

இந்த வருடம் மாமா சொல்லிவிட்டார்: "இந்தவாட்டி உங்களை ஒக்கார வெச்சு சந்தைய ஒரு சுத்து சுத்தி வராம உடமாட்டேன் மாப்ள. என்ற கௌரவப் பிரச்சனைங்க."

அப்பாவுக்குக் கணபதி ஏரியாவில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை. பத்து ஹெச்.பி. மோட்டாரைத் தனியாளாக உருட்டுவார். அதற்குக் கால் இல்லை, முறைக்காது. குதிரை முறைக்கும்.

இரண்டு வருடம் முன்னால் பட்டறையில் அவசர வேலை என்றார். அம்மா பட்டறைக்கே சாப்பாட்டுக் கேரியரோடு போய்ப் பார்த்தாள். அவசர வேலை பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. போன வருடம் முதுகு வலி என்றார். அம்மா மூன்று நாள் தைலம் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில், குதிரையே மேல் என்று கிளம்பிவிட்டார். ஆகவே இந்த வருடம் காரணம் பட்டறையிலும் இருக்கக்கூடாது, உடம்பிலும் இருக்கக்கூடாது. மூன்றாவதாக ஒரு உயிர் வேண்டும்.

"பிரவீ, வண்டில ஏறு," என்றார். மேட்டுப்பாளையம் ரோட்டில் அப்துல் கையூம் பாய் நர்சரிக்குப் போனோம்.

"பாய், எனக்கொரு செடி வேணும். பாத்தா ஆஸ்பத்திரில சேத்தோணும்கற மாதிரி தெரியோணும். ஆனா சாகக் கூடாது."

கையூம் பாய் முப்பது வருடமாகச் செடி விற்கிறார். இப்படி ஒரு ஆர்டர் வந்ததில்லை. பாய் குரலுக்கு மூக்கை லேசாக அடைத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் ஒரு 'க்கும்', முடிவில் ஒரு 'அவ்வளவுதாங்க விசயம்'.

"க்கும். அண்ணா, இது டிரசீனா காம்பாக்டா. ஊட்டுக்குள்ளயே வெக்கறது. சின்னதா, அடக்கமா இருக்கும். வெயிலு வேண்டாம், மூலையில வெச்சுட்டு மறந்துபோடுங்க. மண்ணு காஞ்ச பொறவு, இருவது நாளைக்கு ஒருக்கா ஒரு டம்ளர் தண்ணி. இதைக் கொல்றதுக்கு ஒரே வழிதான் இருக்குது. பாசத்துல தெனமும் தண்ணி ஊத்தறது. அவ்வளவுதாங்க விசயம்."

செடியைப் பார்த்தேன். கரும்பச்சை. நிழலில் கறுப்பென்றே சொல்லலாம். பளபளவென்று இலைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து, எண்ணெய் வைத்துப் படியச் சீவிய ஹெட்மாஸ்டர் மாதிரி, எங்கள் யாரையும் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தது. அப்பாவுக்கு உடனே பிடித்துவிட்டது.

ஹாலில் டி.வி.க்குப் பக்கத்து மூலையில் ஸ்டூல் போட்டு, ஸ்டூல்மேல் துண்டு போட்டு, துண்டுமேல் செடியை வைத்தார். அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அம்மா பெயர் பூங்கொடி. அம்மா குரல் மட்டும் எனக்கு வராது. வந்தாலும் எடுக்க மாட்டேன்.

"ஏனுங்க, என்னுங்க இது?"

"மெதுவாப் பேசு அம்மணி. அதுக்குச் சத்தம் ஆகாது."

"யாருக்கு?"

"செடிக்கு. ரொம்ப நாசூக்கான செடி. மூணு வேளையும் எலையத் தொடைக்கோணும். சிரிஞ்சுல நாலு நாலு சொட்டா தண்ணி உடோணும். அதும் சிறுவாணித் தண்ணிதான் குடிக்கும்."

"நம்ம வீதிக்கு வாரது பில்லூர்த் தண்ணிங்க."

அப்பா ஒரு நொடி செடியைப் பார்த்தார். "அதை இன்னும் அதுகிட்டச் சொல்லல."

"அப்ப அந்தியூர் போறப்ப?"

"அதான் அம்மணி எனக்கும் காலையில இருந்து ஒரே ரோசனை." முகத்தை எங்கிருந்தோ சோகமாக்கிக்கொண்டார். "அஞ்சு நாளு. ஒருத்தர் இருந்தே ஆகோணும். நீ போகாட்டி உங்கண்ணன் மனசு சங்கடப்படும். பிரவீ போகாட்டி மாமன் ஏங்கிப் போவாரு. நான் ஒருத்தன் இருந்துக்கறேன், என்ன பண்றது."

"தியாகம் பண்றீங்களாக்கும்."

"குடும்பம்னா அப்படித்தான்."

"எதுக்குங்க அவ்வளவு செரமம். சின்னச் செடிதான, கார்லயே கொண்டு போயிரலாம். நான் மடியில வெச்சுக்கறேன்."

"அசையக் கூடாது. அசைஞ்சா எல கொட்டிப் போகும். நம்பலீனா அந்தப் பாய்கிட்டயே கேளு."

இந்த இடத்துக்குத்தான் என்னை ஏற்கெனவே தயார் பண்ணி வைத்திருந்தார். அப்பாவின் பழைய போன் என்னிடம் இருக்கிறது. அந்த நம்பரைத் தன் போனில் 'நர்சரி பாய்' என்று மாற்றிப் பதிந்திருந்தார். எனக்குக் கூலி, ஒரு கையெழுத்து. இடைத்தேர்வில் கணக்குக்கு இருபத்திரண்டு மார்க். அந்தத் தாளில் அம்மா கண்ணில் படாமல் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். நான் மாடிக்கு ஓடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

போன் அடித்தது. மூக்கை அடைத்தேன்.

"க்கும். சொல்லுங்க அம்மணி."

"பாய், நல்லா இருக்கீங்களா? சித்த இருங்க, செடிக்குச் சத்தம் ஆகாதாமா. நான் சமையல்கட்டுப் பக்கம் போயிக்கறேன்." காலடிச் சத்தம். "ஊட்டுல அவங்க சொகந்தானுங்களா? கொழந்தைங்க?"

எங்கள் ஊரில் இதுதான் ஆபத்து. விசயத்துக்கு வருமுன் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள். நான் பாய்க்கு மூன்று பிள்ளைகளைப் பெற்றுக் கொடுத்தேன். மூத்தவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். கடைசிப் பெண்ணுக்குச் சளி என்றேன்.

"அய்யோ பாவம். கற்பூரவல்லி குடுங்க. இந்தச் செடிய அசைக்கக் கூடாதுங்களா பாய்?"

"க்கும். ஒரு இஞ்சு அசைஞ்சாலும் உசுரு போயிருமுங்க. கூடவே ஒரு ஆம்பளை ஆளு இருக்கோணும். அவ்வளவுதாங்க விசயம்."

"சரிங்க பாய். மேகம் கட்டுது. கீழ எறங்கி வாரப்ப மாடியில காயற மல்லிய அப்படியே அள்ளிட்டு வந்துருங்க."

போன் வைக்கப்பட்டது.

நான் கொத்தமல்லியை முறத்தில் அள்ளிக்கொண்டு, பின்படி வழியாகச் சமையல்கட்டுக்குள் போனேன். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எப்படிம்மா கண்டுபுடிச்சே?"

"கொரலு பாய் கொரலுதான். ஆனா பாய் கடைக்குள்ள நம்மூட்டு டேங்குல தண்ணி உழுகற சத்தம் கேட்டுது."

"அப்பாகிட்ட சொல்லப் போறியா?"

"என்னத்துக்கு? சொன்னா நான் இழுத்துட்டுப் போன மாதிரி ஆகும். போற வழியெல்லாம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. அவரா கேட்டு, அவரா கெஞ்சி, அவரா குதிரை ஏறோணும்." வெங்காயத்தை வழித்துச் சட்டியில் போட்டாள். "நீ எதுத்தாப்புல பங்காருக்கா ஊட்டுக்குப் போயி நான் கூப்புட்டேன்னு சொல்லிட்டு வா. அந்தக் கணக்குத் தாளைக் கொண்டா, நானே கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"ராகி மாவு டப்பாவுக்கு அடியில வெச்சிருக்கறயே. இந்த ஊட்டுல ராகி மாவு எடுக்கறது யாரு கண்ணு?"

அப்பா எனக்குக் கையெழுத்துதான் தருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா கையெழுத்தும் தந்து, திட்டாமலும் விட்டாள். அன்றே கட்சி மாறினேன்.

அடுத்த மூன்று நாள் அப்பா வீட்டுக்குள் மிதந்தார். அம்மா "நீங்க இருந்துக்குங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். பழைய பனியனைக் கிழித்துச் செடிக்கு இலை துடைத்தார். சிரிஞ்சை அம்மா பார்க்கும்போது அழுத்துவார், பார்க்காதபோது தன் வாயில் விட்டுக்கொள்வார். செடி செத்துவிட்டால் திட்டமும் செத்துவிடும் அல்லவா. ஐந்து நாளைக்குப் பட்டியல் போட்டு என்னிடம் ரகசியமாகக் காட்டினார். காலையில் பத்து மணிக்கு எழுவது. மத்தியானம் பரோட்டா. சாயங்காலம் பரோட்டா. சோபாவில் கால் நீட்டி, ஈரத்துண்டை சோபாமேலேயே போடுவது. கடைசியாக எழுதியிருந்ததற்கு இரண்டு தடவை அடிக்கோடு.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், எதிர்வீட்டுப் பங்காரு அக்கா ரோஜாத் தொட்டியோடு வந்தார். அவர் குரலுக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் ஊஞ்சலில் வைத்து ஆட்ட வேண்டும்.

"திருமூர்த்தி அண்ணா, நாங்க நோம்பிக்கு ஊருக்குப் போறமுங்க. செடிக்காகவே நீங்க ஊட்டுல இருக்கறீங்களாமா. பூங்கொடி சொல்லிச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துபோச்சு. ரோசாவுக்குக் காலையில தண்ணி, துளசிக்கு வெளக்கு வெக்கறப்ப, கத்தாழைக்கு நாளு விட்டு நாளு. பதினோரு தொட்டிதானுங்க."

எங்கப்பாவுக்குத் தெரியாத வார்த்தை ஒன்று உண்டு. அது 'முடியாது'. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது வாயில் வராது. ஒருவர் மரியாதையாகக் கேட்டுவிட்டால் போதும், உள்ளே குடல் எரிந்தாலும் வாய் ஒன்றைத்தான் சொல்லும்.

"அதுக்கென்னுங்க. வெச்சுட்டுப் போங்க," என்றார் அப்பா.

அடுத்து மூன்றாம் வீட்டு வெங்கடபதி சார். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரிப் பேசுவார். கையில் ஒரு குட்டி ஆலமரம், கம்ப்யூட்டரில் அடித்த இரண்டு பக்கக் காகிதம்.

"ஆறு பத்துக்கு வெயிலில் வைக்கவும். ஆறு நாற்பதுக்கு நிழலுக்கு மாற்றவும். தாமதிக்கக் கூடாது. படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடுங்கள்."

"அதுக்கென்னுங்க சார்," என்று அப்பா போட்டார்.

பிறகு மூலை வீட்டு சண்முகப்ரியா அக்கா, ஒன்பது மீனோடு. குரல் பஞ்சு மாதிரி. "தனியா உட்டா இதுங்க சாப்புடாதுங்கண்ணா. அரை மணி நேரம் பக்கத்துல ஒக்காந்து எதாச்சும் பேசுங்க. கோவமா மட்டும் பேசிராதீங்க, செவப்பு மீனு மனசுல வெச்சுக்கும்."

சாயங்காலத்துக்குள் ஏழு வீட்டுச் சாமான். ஹாலில் நாற்பத்து மூன்று தொட்டி. சோபாவில் இருந்த இடத்தில் ஒரு பெரிய மணிபிளான்ட் கால் நீட்டிப் படுத்திருந்தது. ஏழு சாவிகளை ஒரே வளையத்தில் கோத்து, பங்காரு அக்கா அப்பா கையில் கொடுத்தார்.

"நாளான்னிக்கு நம்ம வீதிக்குத் தண்ணி உடறாங்கண்ணா. காலையில நாலரைக்கு. ஏழு ஊட்டுத் தொட்டியும் நெரப்பிருங்க. மூணு ஊட்டுல மோட்டார் ரிப்பேரு, குடத்துலதான் ஊத்தோணும். உங்களுக்கில்லாத மோட்டாரா, முடிஞ்சா அதையும் பாத்துருங்க."

"அதுக்..." என்றார் அப்பா. "...கென்னுங்க" வருவதற்கு ரொம்ப நேரம் ஆனது.

அவர்கள் போனதும் என்னைத் தேடி வந்தார். பத்து மணிக்கு எழுவதாகப் போட்ட பட்டியல் சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது.

"பிரவீ, கண்ணு. அந்தப் பாய் இன்னொருக்கா பேசுவாரா?"

"என்ன பேசோணும்ப்பா?"

"செடிய வெளியூரு கூட்டிட்டுப் போலாம்னு சொல்லோணும்."

"அசைஞ்சா உசுரு போயிரும்னு சொல்லிட்டாரே."

"பாயும் மனுசன்தான, தப்பாச் சொல்லியிருப்பாரு. தெனமும் டியூசனுக்கு நானே வண்டில கொண்டு உடறேன், போ."

மாடிக்குப் போனேன். இந்தத் தடவை தொட்டியிலிருந்து தள்ளி நின்றேன். கீழே அப்பாவே போனை ஸ்பீக்கரில் போட்டு, அம்மா முன்னால் வைத்திருக்கிறார் போல. அவர் மூச்சு எனக்குக் கேட்டது.

"க்கும். அம்மணி, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுங்க. அந்தச் செடிக்கு எட மாத்தம் வேணுமுங்க."

"அசையக் கூடாதுன்னீங்களே பாய்?"

"அது அமாவாசைக்கு முந்திங்க. இப்ப அசையோணும். அவ்வளவுதாங்க விசயம்."

"அப்பச் சரிங்க. நான் மடியில வெச்சுக் கொண்டு போயிக்கறேன். அவரு இங்க இருந்து மத்த நாப்பத்தி மூணையும் பாத்துக்குவாரு."

போனுக்குள் அப்பா குரல், ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்ட சத்தத்தில்: "ஆளையும் சேத்துச் சொல்லு."

அம்மாவுக்குக் கேட்கவில்லை. அப்படி ஒரு காது அது.

"க்கும். வாங்குன கையிதான் அதைத் தொடோணும் அம்மணி. வேற கையி பட்டா எல சுருண்டுக்கும்."

"அப்ப அவரும் வரோணுங்கறீங்க."

"வந்தே தீரோணுமுங்க."

"அந்தியூர் வந்தா எங்கண்ணன் குதிரையில ஏத்தாம உடமாட்டாரு. செடியத் தொடற கையி. குதிரை ஏறுனா அதுக்கு ஒண்ணும் ஆகிறாதுங்களே?"

இந்தக் கேள்விக்கு அப்பா எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை. அம்மா சொல்லித் தந்திருந்தாள்.

"க்கும். குதிரை ஏறுன கையி பட்டாத்தான் இந்தச் செடி நல்லா தழையுமுங்க. ஒரு சுத்து பத்தாது, ரெண்டு சுத்து."

போனில் ஒரு முனகல் கேட்டது. சந்தையில் கேட்டால் குதிரை என்றே நினைப்பார்கள்.

நான் இறங்கி வரும்போது பேச்சுவார்த்தை கடைசிக் கட்டத்தில் இருந்தது.

"நான் கூப்புடலீங்க. நீங்களாத்தான் கேக்கறீங்க," என்றாள் அம்மா.

"நானாத்தான் அம்மணி கேக்கறேன்."

"குதிரை?"

அப்பா நாற்பத்து மூன்று தொட்டியைப் பார்த்தார். ஏழு சாவியைப் பார்த்தார். சிவப்பு மீன் அவரைப் பார்த்தது.

"ஏறறேன்."

"ரெண்டு சுத்து."

"ரெண்டு சுத்து. இதையெல்லாம் யாரு பாத்துக்குவாங்க?"

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க போயி வேட்டிய எடுத்து வெய்ங்க. பழைய வேட்டியா எடுங்க."

மறுநாள் விடிந்ததும் எங்களுக்கு முன்னால் அப்பா காருக்குள் இருந்தார். முன் சீட்டில், மடியில் செடி, இரண்டு கையாலும் தொட்டியை அணைத்துக்கொண்டு, யாராவது இறங்கச் சொல்லிவிடுவார்களோ என்று நேராகப் பார்த்தபடி. நான் பின்னால் படுத்துக்கொண்டேன். வண்டி ஓட்டுவது அம்மா.

கார் வீதி முனை திரும்பும்போது அப்பா பக்கவாட்டுக் கண்ணாடியில் எதையோ பார்த்தார். நானும் எழுந்து பார்த்தேன். பங்காரு அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு நின்றார். சண்முகப்ரியா அக்கா மீன் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தார். வெங்கடபதி சார் ஆலமரத்தை வெயிலில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறு பத்து.

"அவங்கெல்லாம் ஊருக்குப் போகலியா?"

"எந்த ஊருக்குங்க? பங்காருக்கா பொறந்ததே இந்த வீதியிலதான்."

அவிநாசி தாண்டும்வரை அப்பா செடியையே முறைத்துக்கொண்டு வந்தார். செடியும் முறைத்தது. இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி இருந்தது. அதற்கப்புறம், மிச்சம் இருந்த மரியாதையை எல்லாம் திரட்டிக்கொண்டு சொன்னார்:

"என்ன இருந்தாலும் அம்மணி, செடி விசயத்துல அந்தப் பாய் சொன்னது சொன்னதுதான். நானாத் தொடற வரைக்குந்தான் இது நல்லா இருக்கும்."

அம்மா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பின் சீட்டுக்குச் சொன்னாள்:

"கையூம் பாய், அந்தச் செடிய வாங்கி உங்க மடியில வெச்சுக்குங்க. கடிவாளம் புடிச்சுப் பழகறதுக்கு அவருக்கு ரெண்டு கையும் வேணும்."